ஆஸ்பன் பட்டர்மில்க்கின் அப்ஹில் பாஸ்: காசு கொடுத்து நடந்து ஏறலாமா?

கொலராடோவில் இருக்கும் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். லிஃப்டில் போகாமல், ஸ்கீயை மாட்டிக்கொண்டு நாமே மேலே ஏறிப் பிறகு சறுக்கி இறங்க எந்த மலை நல்லது? நடந்து ஏறுவதற்கு ‘அப்ஹில் பாஸ்’ என்று எதற்குக் காசு கேட்கிறார்கள்? முதல் கேள்விக்கு என் பதில் ஆஸ்பனில் இருக்கும் பட்டர்மில்க். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம், அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்று ஒரு நீளப் பட்டையை ஒட்டுவார்கள். அதன் ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ஒரே திசையில் படிந்த குட்டை முடி. முன்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சரியப் பார்த்தால் முடி பனியில் குத்திக்கொண்டு நின்றுவிடும். ஒருகாலத்தில் கடல்நாய்த் தோலில் செய்தார்கள், இப்போது மொஹேர் என்கிற ஆட்டு முடியிலும் நைலானிலும் வருகிறது. பூட்ஸின் முனையை மட்டும் இரண்டு ஊசிகள் பிடித்திருக்கும், குதிகால் சும்மா கிடக்கும், அதனால் நடக்க முடியும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு, மற்ற எல்லோரையும் போல இறங்க வேண்டியதுதான். 2026 மிலானோ கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த ஏறி இறங்கும் விளையாட்டைச் சேர்த்துவிட்டார்கள், ஆகவே இது ஏதோ நாலு பேரின் பைத்தியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

“லிஃப்ட் ஓடுறப்ப எதுக்குங்க நடக்கணும்?” என்று மதுரைக்கார நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே பெரிய மலைகளில் கவுண்டரில் வாங்கும் ஒருநாள் லிஃப்ட் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிவிட்டது, அது ஒரு காரணம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம், ஏறும்போது கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம். காதில் காற்றும் ஸ்கீ உரசும் சத்தமும் தவிர வேறொன்றும் இருக்காது, மூச்சு சீராகும், உடம்பு சூடாகும், மலையின் ஒவ்வொரு திருப்பமும் காலுக்குத் தெரியும். லிஃப்டில் ஏழெட்டு நிமிடத்தில் மேலே போகிறவருக்கு மலை ஒரு சறுக்குப் பாதை மட்டும்தான். ஒருமுறை நடந்து ஏறிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சரி, நடக்கத்தான் ஆசை என்றால் காட்டுக்குள் போய் ஏறலாமே, ஆட்கள் சறுக்கி வருகிற இடத்தில் ஏன் குறுக்கே போக வேண்டும் என்று லிஃப்ட் வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. பனிச்சரிவுதான் காரணம். கொலராடோவின் பனி அடுக்கு மோசமானது. சீசன் தொடக்கத்தில் விழுகிற மெல்லிய பனி, குளிரிலும் வறட்சியிலும் சர்க்கரை போல உதிரியாகி அடியிலேயே தங்கிவிடும், அதன் மேல் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் விழும் கனமான பனிக்குப் பிடிமானமே இருக்காது. 2020-21 குளிர்காலத்தில் மட்டும் அமெரிக்காவில் 37 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள், அதில் 12 பேர் கொலராடோவில். ஸ்கீ மலைக்குள் இருக்கிற சரிவுகளை, மலையின் பாதுகாப்புக் குழுவான பேட்ரோல்காரர்கள் விடியற்காலையில் வெடி வைத்துச் சோதித்து, தேவைப்பட்டால் மூடி வைத்து, பாதுகாத்துத் தருகிறார்கள். பனிச்சரிவுப் பயிற்சி எடுக்காத ஒருவர், தனியாக ஏற நினைக்கும் ஒருவர், வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வேண்டும் என்கிற ஒருவர், இவர்களை எல்லாம் காட்டுக்குள் போ என்று சொல்வது பொறுப்பான பேச்சு இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் மாநிலம் முழுக்க லிஃப்டுகள் நின்றபோதுதான் இது பெரிதாக வெடித்தது. மலை இருக்கிறது, பனி இருக்கிறது, லிஃப்ட் மட்டும் இல்லை. ஜனங்கள் ஸ்கின் வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த சீசனில் கடைகளில் இந்தச் சாமான்கள் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. லிஃப்ட் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் அந்தக் கூட்டம் குறையவில்லை, அதனால் ஒவ்வொரு மலையும் ஒரு விதிமுறை எழுத வேண்டி வந்தது.

அந்த விதிமுறைகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, நேரத்தால் பிரிப்பது: லிஃப்ட் ஓடாத நேரத்தில் மட்டும் ஏறலாம், திறப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். வெய்ல் (Vail), பிரெக்கன்ரிட்ஜ் மலைகள் எல்லாம் இந்த வழி. இன்னொன்று, இடத்தால் பிரிப்பது: நாள் முழுக்க ஏறலாம், ஆனால் குறித்துக் கொடுத்த பாதையில் மட்டும், சரிவின் ஓரத்தில் மட்டும். பட்டர்மில்க் இரண்டாவது வகை. என் கருத்து உறுதியானது: இடத்தால் பிரிப்பதுதான் சரி. நேரத்தால் பிரிப்பது கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, லிஃப்ட் வாடிக்கையாளருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் அது ஏறுபவரைக் கொண்டுபோய் நிறுத்துவது இருட்டில், அந்த மலையிலேயே மிக ஆபத்தான இயந்திரம் வேலை செய்யும் நேரத்தில்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலருக்கும் இது தெரியாது. பனியைச் சீர்செய்யும் ஸ்னோகேட் வண்டி செங்குத்தான சரிவில் தன் பலத்தில் ஏற முடியாது. மேலே ஒரு நங்கூரத்தில் கட்டி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும், இதைத்தான் வின்ச் என்பார்கள். கயிறு விரல் தடிமன்தான். வண்டி ஒரு மேட்டுக்கு அப்பால் எங்கோ கீழே இருக்கும், விளக்கு தெரியாது, சத்தமும் கேட்காது. நீங்கள் நடக்கும் இடத்தில் கயிறு பனிக்குள் புதைந்து கிடக்கும். வண்டி திரும்பிய நொடியில் இழுவை ஏறும், கயிறு பனியைக் கிழித்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பும், பக்கவாட்டிலும் பல மீட்டர் வீசும். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் நிறக் கம்பி கண்ணில் படவே படாது. ஆல்ப்ஸில் இப்படி இறந்தவர்கள் உண்டு. ஓட்டுநருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. ஆகவே இரவில் ஏறுகிறவர்கள், வின்ச் வேலை நடக்கிறது என்ற பலகையோ சுழல்விளக்கோ கண்ணில் பட்டால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

உயிர்ப் பிரச்சினை இல்லாவிட்டாலும் இன்னொன்று இருக்கிறது. சீர்செய்த பனி இறுகுவதற்குச் சில மணி நேரம் வேண்டும். அதற்குள் யாராவது நடுச்சரிவில் சறுக்கி இறங்கினால் அந்தத் தடம் அப்படியே உறைந்து காலையில் பள்ளமாக நிற்கும். இருநூறு டாலர் கொடுத்து முதல் லிஃப்டில் வந்தவர் அதில் ஸ்கீ மாட்டித் தடுமாறினால் கோபப்படுவார், படட்டும், நியாயம்தான். ஓரமாக இறங்கினால் தீர்ந்தது.

பட்டர்மில்க்குக்கு வருகிறேன். ஆஸ்பனில் ஒரே நிறுவனத்தின் கையில் நான்கு மலைகள்: ஆஸ்பன் மவுண்டன், ஹைலண்ட்ஸ், ஸ்னோமாஸ், பட்டர்மில்க். நான்கிலும் நடந்து ஏறலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஊருக்கு நேர் மேலே எழும்பும் ஆஸ்பன் மவுண்டனில் காலை 9 மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஏறக்கூடாது. அது குறுகலான, செங்குத்தான மலை, எல்லோரும் ஒரே பள்ளத்தாக்கு வழியாகக் கீழே கொட்டுவார்கள், அங்கே பகலில் ஏறவிடாதது சரியான முடிவு. பட்டர்மில்க் அப்படி இல்லை. அகலமான, சாய்வு குறைந்த சரிவுகள், கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்றே பேர்பெற்ற மலை, ஆண்டுதோறும் ஜனவரியில் எக்ஸ் கேம்ஸ் என்கிற பனிச்சாகசப் போட்டி நடப்பதும் இங்கேதான், 2002-லிருந்து. லிஃப்ட் ஓடும் நேரத்திலும் குறித்த பாதையில் ஏறலாம்.

அடிவாரம் 2,399 மீட்டர், உச்சி 3,018 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அடிவாரமே ஊட்டியை விட உயரம், உச்சி தொட்டபெட்டாவை விட ஏறக்குறைய 380 மீட்டர் உயரம். 619 மீட்டர் ஏற்றம் என்பது காகிதத்தில் சிறியதாகத் தெரியும். டென்வரிலிருந்து போகிறவர்களுக்கே மூச்சு வாங்கும், நியூ ஜெர்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரே வந்து இறங்குகிறவர்கள் முதல் நாள் முயல வேண்டாம், ஒருநாள் சும்மா இருந்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு அப்புறம் போங்கள். நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம் போதும். உள்ளூர்க்காரர்கள் இறுக்கமான பந்தய உடையில் இதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் நம்மைத் தாண்டிப் போவார்கள், அவர்களுக்கு வழிவிட்டு நம் வேகத்தில் போகலாம்.

பட்டர்மில்க்கில் நான் விரும்புவது டைஹாக் என்கிற பக்கம். கிழக்கு ஓரம், கூட்டம் குறைவு, கொஞ்சம் செங்குத்து. மரங்களின் விளிம்பை ஒட்டி, முன்னால் போனவர்களின் காலடியில் இறுகிய தடம் ஒன்று, ஒன்றரை ஸ்கீ அகலத்தில் மேலே போய்க்கொண்டே இருக்கும். பத்தடி தள்ளி ஆட்கள் சறுக்கி இறங்குவார்கள், நீங்கள் அவர்களைப் பார்த்தபடி ஏறுவீர்கள், அவர்களும் உங்களைத் தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். இந்த ‘பார்ப்பது’தான் எல்லாம். சரிவு திறந்து கிடந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நாள் முழுக்கப் போகலாம்.

பார்வை மறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்திருக்கிறேன். இன்னொரு மலை, பெயர் வேண்டாம். அங்கேயும் பகலில் ஏறவிடுகிறார்கள், பாதை குறித்து வரைபடமும் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதை ஒரு மேட்டின் விளிம்புக்குக் கீழேயே சரிவைக் குறுக்காகக் கடக்கிறது. மேலிருந்து வருகிறவருக்கு அந்த மேடு தாண்டும் வரை கீழே ஒன்றும் தெரியாது. நான் பாதி கடந்திருந்தேன், ஒரு ஸ்னோபோர்டுக்காரர் மேட்டிலிருந்து காற்றில் எழும்பி வந்தார், என்னைக் கண்டு போர்டைத் திருப்பி, என் ஸ்கீயின் வால்மேல் பனியை வாரி இறைத்துவிட்டு நின்றார். இளைஞர், முகம் வெளிறிப்போயிருந்தார். அவர் மேல் தப்பில்லை, பாதை போட்டவர்கள் மேல்தான் தப்பு. குறித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் கடக்க வைக்கிறார்கள் என்பதை ஒருமுறையாவது மேலிருந்து சறுக்கி வந்து பார்த்திருக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது என்று கேட்டால், கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. அமெரிக்க ஸ்கீ மலைகளின் பொறுப்பு விதிகளை 2022-ல் ஏழிலிருந்து பத்தாக விரித்தார்கள், அதிலும் இதுதான் இரண்டாவது. கொலராடோவின் 1979 பாதுகாப்புச் சட்டமும், கீழே இருப்பவர் மேல் மோதாமல் பார்த்துக்கொள்வது இறங்கி வருகிறவரின் முதல் கடமை என்கிறது. ஆக, ஏறுகிறவர் எப்போதும் கீழே இருப்பவர், சட்டம் அவர் பக்கம். ஆனால் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதி, சரிவில் காலால் ஏறுகிறவர் ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நமக்கு முன்னுரிமை இருக்கிறது என்று இரண்டு பேர் அருகருகே நடுச்சரிவில் பேசிக்கொண்டே ஏறுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒற்றை வரிசை. கடக்கும் முன் மேலே பார்வை. கடக்கும்போது ஒவ்வொருவராக, நிற்காமல். காதில் பாட்டு வேண்டாம், வேண்டுமானால் ஒரு காதில் மட்டும். இவ்வளவுதான்.

இப்போது காசு. ஆஸ்பனில் பல பத்தாண்டுகளாக இது இலவசமாக இருந்தது. 2021-22 சீசனில் 69 டாலர் பாஸ் கொண்டுவந்தார்கள், அதில் ஒரு பகுதி மவுண்டன் ரெஸ்க்யூ ஆஸ்பன் என்கிற தன்னார்வ மீட்புக் குழுவுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். விலை மாறிக்கொண்டிருக்கும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. அவர்கள் வாதம் இது: கொலராடோவின் பெரிய மலைகள் பலவும் ஒயிட் ரிவர் தேசிய வனத்தில், பொது நிலத்தில் இருக்கின்றன. நிறுவனங்கள் 1986 சட்டப்படி 40 ஆண்டுகள் வரை அனுமதி வாங்கி நடத்துகின்றன, நிலம் அவர்களுடையது அல்ல. பொது நிலத்தில் சொந்தக் காலில் நடப்பதற்கு யார் காசு கேட்பது?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், உள்ளுக்குள் பாதி அதன் பக்கம்தான் இருக்கிறேன். ஆனாலும் காசு கொடுக்கிறேன், மனசு வந்தே கொடுக்கிறேன். நான் நடப்பது வெறும் நிலத்தில் இல்லை. வெடி வைத்துச் சோதித்த சரிவு, இரவு முழுக்க ஒருவர் வண்டியில் உட்கார்ந்து சமன் செய்த பனி, முழங்கால் திருகினால் கீழே இழுத்துக்கொண்டு போக ஸ்லெட்டோடு காத்திருக்கும் பேட்ரோல். அதை எல்லாம் லிஃப்ட் டிக்கெட் வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு நான் இலவசமாக ஏறினால், அவர் என்னை விருந்தாளியாகத்தான் பார்ப்பார், ஒருநாள் போகச் சொல்வார். பாஸ் வாங்கிக் கைப்பட்டையை மாட்டிக்கொண்ட பிறகு நானும் வாடிக்கையாளர், பாதை சரியில்லை என்றால் கேட்கலாம். ஒரு சீசனுக்கு இந்த விலை நியாயம் என்பது என் முடிவு. இதுவே இருநூறு, முந்நூறு டாலர் ஆனால் நான் எதிர்க்கும் பக்கம் நிற்பேன், அப்போது அது பராமரிப்புச் செலவாக இருக்காது, நுழைவுக் கட்டணமாகிவிடும்.

உச்சியில் கிளிஃப்ஹவுஸ் உணவகம் இருக்கிறது, மரத்தளத்தில் நின்றால் பிரமிட் பீக் சிகரம் நேர் எதிரே. சில பௌர்ணமி மாலைகளில் அதைத் திறந்துவைத்து, நடந்து ஏறி வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள், ஊரே ஹெட்லேம்ப் கட்டிக்கொண்டு ஏறும். முடிந்தால் அதற்கு ஒருமுறை போய்விடுங்கள்.

பட்டையை உரிக்கும் வேலையைக் கட்டடத்தின் காற்று மறைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் உரித்தால் ஸ்கின் நாக்குப்பூச்சி மாதிரி நெளிந்து உங்கள் ஜாக்கெட்டிலேயே ஒட்டும், பசையில் பனித்தூள் பட்டுவிட்டால் அடுத்த ஏற்றத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது. பசைப் பக்கத்தைப் பசைப் பக்கத்தோடு மடித்து, பையில் வைக்காமல் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டால் சூட்டில் பசை உயிரோடிருக்கும். அப்புறம் முக்கியமாக, முன்பக்க ஊசிப் பிடியின் லாக்கை நடக்கும் நிலையிலிருந்து இறங்கும் நிலைக்கு மாற்றினீர்களா என்று குனிந்து பாருங்கள். மறந்தால் விழும்போது பூட்ஸ் கழன்று வராது, கால் உடையும்.

இறங்கும்போது நீங்களும் மற்றவர்களைப் போல ஒரு சறுக்குக்காரர்தான். இந்த ஸ்கீ லேசானது, தொடை களைத்திருக்கும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓரத்தில் இன்னொருவர் ஏறிக்கொண்டிருப்பார், அவருக்கு நன்றாக இடம் விட்டுத் திரும்புங்கள்.

குறைகளும் உண்டு. டென்வரிலிருந்து ஏறக்குறைய 200 மைல், குளிர்காலத்தில் இண்டிபெண்டன்ஸ் கணவாய் மூடியிருக்கும் என்பதால் கிளென்வுட் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், சாலை நன்றாக இருந்தாலே நான்கு மணி நேரம். தங்கும் செலவு கண்ணைக் கட்டும், ஆஸ்பனுக்குள் அறை தேடாதீர்கள், கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் பக்கம் தங்கிவிட்டு ரோரிங் ஃபோர்க் பள்ளத்தாக்குப் பேருந்தில் போகலாம். எக்ஸ் கேம்ஸ் வாரத்தில் அடிவாரம் முழுக்க மேடையும் கூட்டமும்தான், அந்த வாரம் தவிர்த்துவிடுங்கள். டென்வரிலேயே இருந்துகொண்டு வாராவாரம் ஏறுகிறவருக்கு அரபஹோ பேசின் அருகில் இருக்கிறது, அங்கேயும் தனி அனுமதி வாங்க வேண்டும், ஆனால் அது உயரமும் செங்குத்தும் கூடின மலை, முதல் முறைக்கு நான் சொல்லமாட்டேன்.

முதல் முறை போகிறவர்கள் சாமானை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். கடைக்காரரிடம் ஸ்கின்னை உங்கள் கையாலேயே ஒருமுறை ஒட்டி உரித்துப் பழகிவிட்டு வாருங்கள். ஜாக்கெட்டை அடிவாரத்திலேயே கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கொஞ்சம் குளிர்கிற நிலையில் கிளம்புங்கள், பத்து நிமிடத்தில் வியர்க்கும். பருத்தி உடை வேண்டாம். காலை கிளம்பும் முன் அன்றைய அப்ஹில் பாதை திறந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். புதுப்பனி கொட்டிய நாளிலும் பந்தயம் நடக்கிற நாளிலும் பாதை மாறும், நேற்று போன தடம் இன்றைக்கு மூடியிருக்கலாம்.